ஒட்டுப் போடாத மேசனார்

வீட்டுத் தரைக்கு என்ன நிறம் போடுவது என்று நான் மூன்று மாதம் யோசித்தேன். சண்டை நடந்த காலத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு யோசனை யோசித்தவள் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உட்துறைமுக வீதிக்குப் பின்னால், கடலில் இருந்து நாலு ஒழுங்கை தள்ளி எங்கள் வளவு. அகதியாக ஓடித் திரும்பி வந்தபோது பழைய வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. என் மனுசனுக்குக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் கந்தோரில், கிளாக்கர் உத்தியோகம். கல்லுக் கல்லாகச் சேர்த்து இரண்டு வருடத்தில் சுவரையும் கூரையையும் எழுப்பிவிட்டோம். தரை மட்டும் வெறும் கொங்கிறீட்டாகக் கிடந்து குதிக்காலைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"ஆமிக்காரங்கள் சப்பாத்தோட வந்து மிதிக்கப்போறாங்கள். அதுக்கு எந்த நிறமா இருந்தா என்ன?" என்பார் இவர்.

நான் விடவில்லை. சண்டைக்கு முந்தி நிலாவெளியில் ஒரு விடுதியில் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது அங்கே கறுப்புத் தரை ஒன்று பார்த்திருந்தேன். குனிந்தால் முகம் தெரியும். அப்படி ஒரு தரை எனக்கு வேண்டும். வீடு நிற்குமா, நாங்கள் இருப்போமா என்று தெரியாத காலத்தில் எனக்கு முகம் பார்க்கத் தரை தேவைப்பட்டது. புத்தி அப்படி.

அதற்காகத்தான் சீமெந்து வேலை செய்கிற அவரைக் கூப்பிட்டோம். கப்பல்துறையில் இருந்து கண்டி வீதியால் சைக்கிளில் வருவார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாத இடத்தில் ஒருமுறை சொன்னவள் நான். இனி அதைத் தொட எனக்கு உரிமையில்லை. ஊரில் எல்லாரும் மேசனார் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு விறாந்தையில் குந்தி, உள்ளங்கையைக் கொங்கிறீட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். முழங்கால் இரண்டும் மாட்டுத்தோல் மாதிரித் தடித்துப்போய் இருந்தன.

"கறுப்பு வேணும் மேசனார்" என்றேன்.

"கறுப்பு வேணாம் பிள்ளை. ஒரு நாள் கூட்டாமல் விட்டால் சாம்பல் கொட்டின மாதிரி நிக்கும்."

"அப்ப பச்சை?"

"ரெண்டு வருசத்தில வெளிறிப்போகும். ஆசையெண்டால் சிவப்புப் போடுவம். என்னட்டைக் கேட்டால் வெறும் சீமெந்து நிறம்தான். வடிவா மினுக்கி விட்டால் அதுக்குக் கிட்ட வேற ஒண்டும் நிக்காது."

"வெறும் சீமெந்தோ? அதுக்கோ நான் மூண்டு மாசம் யோசிச்சனான்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. என் மனுசன்தான் உள்ளேயிருந்து கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

கடைசியில் சிவப்பு என்று முடிவானது. முடிவானதும் மேசனார் எழுந்து நின்று தன் பங்குக்கு ஒரு பேச்சுப் பேசினார். ஒரு அறையின் தரையை ஒரே நாளில், ஒரே இழுவையில் முடிப்பார். பாதியில் நிறுத்தி அடுத்த நாள் தொடுக்கமாட்டார். தொடுத்தால் அந்த இடத்தில் ஒட்டு விழும். போட்ட தரை பிறகு எங்காவது உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசித்தரச் சொல்லி ஆளனுப்பக் கூடாது.

"அப்ப வெடிச்சால் என்ன செய்யிறது?"

"வெடிச்சால் வெடிக்கட்டும். வெடிப்பும் தரைதான் பிள்ளை. ஒட்டு தரையில்லை, அது பொய். சிவப்பில ஒட்டுப் போட்டால் நூறு வருசத்துக்கும் நிறம் சேராது. பாக்கிற சனத்துக்கு முதல்ல அதுதான் கண்ணில குத்தும்."

பெரிய கதை கதைக்கிறார் என்று நினைத்தேன். வேலைக்காரர் எல்லாரும் வேலைக்கு முந்தி இப்படித்தான் கதைப்பார்கள். ஆனால் இந்த மனுசன் தரைக்கு மட்டும் இந்தச் சட்டத்தை வைத்திருக்கவில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

சைக்கிள் ரியூப்புக்கு அவர் ஒட்டுப் போடமாட்டார். ரியூப் தங்கத்தைவிட அருமையான காலம் அது. ஊரில் ஒவ்வொரு ரியூப்பிலும் பத்துப் பன்னிரண்டு ஒட்டு இருக்கும். மேசனார் காற்றுப் போன சைக்கிளைக் கப்பல்துறையில் இருந்து எங்கள் வீடு வரை, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சாமானை இறக்கி ஏற்றி, உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றல்ல, பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் எங்கிருந்தோ ஒரு புது ரியூப் கிடைத்தது. இடுப்பில் கட்டுகிற சாரம் கிழிந்தால் கிழிந்தபடி கட்டுவார். மனுசி தைத்துக் கொடுத்தால் அதை யாருக்காவது தானம் பண்ணிவிடுவார். முன்பல் விழுந்த இடத்தில் பொய்ப்பல் கட்டச் சொன்னபோது, "வாய்க்குள்ளயும் ஒட்டோ?" என்று கேட்டாராம்.

கூடப்பிறந்த தம்பியோடு காணித் தகராறு வந்து ஏழு வருடம் பேச்சில்லை. கோயில்காரர் நாலு பேர் சமாதானம் பேசப் போனார்கள். "நீங்கள் ஒட்ட வேணாம். அவனுக்குத் தேவையெண்டால் அவன் வருவான். எனக்குத் தேவையெண்டால் நான் போவன்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு ஒரு நாள் தம்பியின் மாடு செத்துப்போனது கேட்டு, யாருக்கும் சொல்லாமல் தானே போய் அவனுடைய வாசலில் நின்றிருக்கிறார். அதோடு சரியாகிவிட்டது.

இந்தக் கதையெல்லாம் அவர் மனுசி சொல்லித் தெரிந்தவை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். சில நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, எங்கள் குசினி வாசலில் இருந்து என்னோடு கதைத்துக்கொண்டிருப்பாள். பெருத்த உடம்பு. வாய் நிறையச் சிரிப்பு. "கலியாணம் கட்டி ரெண்டாம் வருசம் நான் கோவிச்சுக்கொண்டு அம்மா வீட்ட போயிட்டன் பிள்ளை. கூட்டிவர ஒரு ஆள் அனுப்பேல்லை இந்த மனுசன். ஒரு மாசம் கழிச்சுத் தானே வந்தார். வந்து, பிழை என்னிலதான் எண்டார். அவ்வளவுதான். பெட்டியத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்" என்றாள். சொல்லிவிட்டு, அவர் குனிந்து வேலை செய்கிற பக்கம் பார்த்தாள். எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் மனுசன் எந்தப் பிழையும் தன்னுடையது என்று சொன்னதில்லை, நானும்தான் சொன்னதில்லை.

பெரிய அறைக்குத் தரை போட்ட நாளை மறக்க ஏலாது. அதிகாலையில் தொடங்கினார். கலவையைப் பரப்பி, அது அரைவாசி இறுகும்வரை பார்த்திருந்து, சீமெந்தையும் சிவப்புக் காவியையும் கலந்து தூவி, தகட்டுக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தபடி, மூலையில் இருந்து வாசலை நோக்கிப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஊரடங்குச் சட்டம் என்று சொல்லிக்கொண்டு போனது. வீதியில் நிற்கிறவர்கள் எல்லாரும் உடனே வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குக் கப்பல்துறை வரை போக வேண்டும். கலவை குழைக்க வந்த இரண்டு ஆட்களும் சொல்லாமலே ஓடிவிட்டார்கள்.

மேசனார் போகவில்லை. மண்வெட்டியை எடுத்தார். கண்ணாடி மாதிரித் தேய்த்து வைத்திருந்த அவ்வளவையும் வழித்து வழித்து வளவுக்குள் கொட்டினார்.

"ஐயோ மேசனார்! என்ன செய்யிறீங்கள்? சீமெந்து கிடைக்கிற காலமோ இது? மிச்சத்தை நாளைக்குப் போடுங்கோவன்" என்று நான் அழுதேவிட்டேன்.

"அழுங்கோ பிள்ளை. ஒரு நாள் அழுதால் போதும். ஒட்டு விழுந்தால் அதைப் பாத்துப் பாத்துச் சாகுமட்டும் அழுவீங்கள்."

வழித்து முடித்துக் கழுவிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் மறித்து வெயிலில் முழங்காலில் நிற்க விட்டார்கள் என்று பிறகு அக்கா சொன்னாள். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சீமெந்து கிடைத்து அவர் திரும்பி வந்து மறுபடியும் போட மூன்று கிழமை ஆனது.

ஆனால் தரையென்றால் அது தரை. ஒரு கிழமை தண்ணீர் கட்டி வைத்தார். பிறகு கல்லால் தேய்த்தார். பிறகு மெழுகு போட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் நானும் அவரும் இரண்டு நாள் தேய்த்தோம். மூலைக்கு மூலை ஒரே சிவப்பு. யன்னல் கம்பி ஒவ்வொன்றும் தரைக்குள் தெரிந்தது. சனம் பார்க்க வந்தது. நான் ஒருத்தரையும் செருப்போடு உள்ளே விடவில்லை. அந்தத் தரையில் நின்ற ஒரு வருடமும் நான் ஒரு மகாராணி. இதை மறைத்து என்ன, அப்படித்தான் இருந்தேன்.

அந்த நாட்களில் துறைமுகத்துக்குள் கடற்படைக்காரர் தண்ணீருக்கு அடியில் குண்டு போடுவார்கள். இயக்கத்துச் சுழியோடிகள் நீருக்குள்ளால் வந்துவிடக் கூடாது என்பதற்காக, நேரம் காலம் இல்லாமல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நிலத்துக்கு அடியால் ஒரு அதிர்வு வந்து கால் வழியாக ஏறும். அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். ஒரு காலையில் கூட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், அறையின் நடுவில் மயிர் அளவில் ஒரு வெடிப்பு. அது போய் முடிகிற இடத்தில், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில், மேற்பூச்சு கிளம்பி உடைந்திருந்தது.

அதோடு வேறு ஒன்றும் இருந்தது. இவருடைய தங்கச்சிக்குச் சம்பந்தம் ஒன்று பேசியிருந்தோம். மாப்பிள்ளைப் பகுதியார் மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்து எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பத்து நாள்தான் இருந்தது. ஆளனுப்பினேன். மேசனார் வந்தார். பார்த்தார். கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

"விடுங்கோ பிள்ளை. இருக்கட்டும்."

"வாற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"திருகோணமலையில வெடிக்காத தரை எங்க இருக்கு? அவையின்ர வீட்டிலயும் வெடிச்சுத்தான் கிடக்கும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, முழு அறையையும் கிண்டி எறிஞ்சுபோட்டு நாளைக்கே புதுசாப் போடுறன்."

"அதுக்குச் சீமெந்துக்கு எங்க போறது? இந்த ஒரு கோப்பை அளவு இடத்தைப் பூசித்தாறதுக்கு உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"அதுக்கு வேற ஆளைப் பாருங்கோ."

எனக்கு வந்த கோபம்! "பெரிய மேசன்! ஊரில இல்லாத மேசன்!" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். "போயிட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் அவர் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

நான் என் மனுசனைப் போட்டு அரித்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கச்சேரிக்காரருக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போடாமல் ஒன்றும் செய்யத் தெரியாது. உடைந்த இடம் கோப்பை அளவு. இவர் அதைச் சுற்றி இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகக் கோடு கீறி, உளியால் நேர்த்தியாக வெட்டி எடுத்து, மிச்சமிருந்த காவியைக் கலந்து, வெறுங்கையாலேயே குழைத்துப் பூசினார். காய்ந்த பிறகு பார்த்தால், இரத்தம் கட்டின மாதிரிக் கருஞ்சிவப்பில் ஒரு சதுரம். ஓரம் ஒரு நூல் உயர்ந்து நின்றது. நிலத்தில் தோண்டிய ஒரு கிடங்குக்கு மூடி போட்டு வைத்தது மாதிரி இருந்தது. இவருடைய பத்து விரலும் சீமெந்துச் சூட்டில் வெந்து தோல் உரிந்துபோயின. நான் திட்டிக்கொண்டே எண்ணெய் பூசிவிட்டேன்.

பிறகு, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அந்தச் சதுரத்தின் மேல் ஒரு பாயை விரித்தேன். இதைவிடப் பெரிய மடைத்தனத்தை ஒருத்தி செய்ய முடியாது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குள் புதுச் சீமெந்து என்றால் என்ன அர்த்தம், அதன் மேல் பாய் என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கீழே ஆயுதமோ ஆளோ ஒளித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனால் என் மனதில் அப்போது இருந்தது மாப்பிள்ளையின் தாய் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் சுற்றிவளைப்பு. விடியற்காலையில் துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்திருந்தது. எட்டு மணிக்கெல்லாம் படைக்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் நின்றார்கள். எங்கள் வீட்டுக்குள் ஐந்து பேரும் ஒரு அதிகாரியும் வந்தார்கள். அலுமாரியைக் கிண்டினார்கள், அரிசி வாளிக்குள் கை விட்டார்கள். பிறகு ஒருவன் துவக்கு நுனியால் பாயைத் தூக்கினான்.

அதிகாரி வந்து சதுரத்தின் மேல் சப்பாத்துக் குதியால் தட்டினான். பக்கத்தில் தட்டினான். இரண்டு சத்தமும் வேறு வேறு.

"இது யார் செய்தது?" தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது அவனுக்கு.

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "மேசன். மேசன்தான் செய்தவர்."

ஏன் சொன்னேன்? கச்சேரிக் கிளாக்கர் தன் வீட்டு நடு அறையைத் தானே வெட்டித் தானே மூடினார் என்றால் யார் நம்புவார்கள்? அதை நினைத்தேன். மேசன் செய்தால் அது வேலை. அதையும் நினைத்தேன். எந்த மேசன் என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். கப்பல்துறை என்றும் சொன்னேன். கேட்காமலே, சந்தியில் இருந்து எத்தனையாவது வீடு என்றும் சொன்னேன்.

இரண்டு மணித்தியாலத்தில் வாகனத்தில் கொண்டுவந்தார்கள். இறங்கியவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து சதுரத்தைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியதை நான் கண்டேன். அழுகின மீனைக் கண்ட மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற இவரைப் பார்த்தார். இவருடைய கையைப் பார்த்தார். தோல் உரிந்த விரல்களை இவர் மடித்து வைத்திருந்தார். படைக்காரர் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சீமெந்தில் கை வைத்தவருக்கு மடித்த விரலும் தெரியும்.

"நீ செய்ததா?" என்று கேட்டான் அதிகாரி.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் ஓடியது. இந்த மனுசன் தன் சாரத்துக்கே ஒட்டுப் போட விடாதவர். போட்ட தரையை வழித்து எறிந்தவர். இல்லை என்றுதான் சொல்வார். என் மனுசன் முடிந்தார்.

"ஓம்" என்றார் மேசனார். "நான்தான் போட்டனான். தரை வெடிச்சுப்போச்சுது. இவை கூப்பிட்டவை. வந்து பூசிக் குடுத்தனான்."

முடிந்துவிட்டது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். ஆனால் அதிகாரி துவக்கைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுக் குந்தினான். உள்ளங்கையைப் பெரிய தரையில் வைத்துத் தடவினான். பிறகு ஒட்டைத் தடவினான். திரும்பவும் தரையைத் தடவினான். தன் தகப்பனும் மேசன்தான் என்று என் மனுசனிடம் சிங்களத்தில் சொன்னான்.

"இந்தப் பெரிய நிலம் யார்?"

"அதுவும் நான்தான்."

"பொய். இது செய்த கை அது செய்யாது."

"வயசு போச்சுது. இப்ப கை நடுங்குது."

"கையைக் காட்டு."

மேசனார் இரண்டு கையையும் நீட்டினார். நடுங்கவில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது. பாவி மனுசன், கொஞ்சம் நடுங்கியிருக்கக் கூடாதா! நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒட்டை உடைக்கச் சொன்னான். உடைத்தார்கள். கீழே கொங்கிறீட்டு, அதையும் உடைத்தால் வெறும் மணல். இடுப்பளவு தோண்டிப் பார்த்தும் ஒன்றுமில்லை. அதிகாரிக்கு அது போதவில்லை. ஒன்றுமில்லாத கிடங்குக்கு ஏன் இந்தக் கிழவன் பொய் சொல்கிறான், யாரைக் காப்பாற்றுகிறான் என்பதுதான் அவனுடைய கேள்வி. விசாரித்துவிட்டு விடுவோம் என்றான்.

மேசனாருடைய கையைப் பின்னால் கட்டினார்கள். அப்போது என் மனுசன் சுவரில் இருந்து ஒரு அடி முன்னுக்கு வைத்தார். நான் பின்னால் நின்று இவருடைய சேட்டுத் துணியைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். ஒரு தையல் விட்டுப்போன சத்தம் கேட்டது. இவர் நின்றுவிட்டார். என்னை உதறியிருக்கலாம். உதறவில்லை. மேசனார் வெறுங்காலோடு வாகனத்தில் ஏறினார். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

அடுத்த நாள் அக்கா வந்தாள். சோதனைச் சாவடி எல்லாம் தாண்டி, முதல் பஸ்ஸில். அழவில்லை. நேரே அறைக்குள் போனாள். கிடங்கைப் பார்த்தாள். ஓரத்தில் குவித்திருந்த ஒட்டுத் துண்டுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பிள்ளை, இது அவர்ர வேலை இல்லை."

உள் அறையில் இவர் இருந்தார். கதவு சாத்தியிருந்தது.

"ஆர் செய்ததெண்டு நான் கேக்க வரேல்லை. அது எனக்குத் தேவையில்லை. அவர் செய்யேல்லை எண்டு ஒரு வசனம் முகாமில வந்து சொல்லுங்கோ. நேற்று முகாம் வாசலில விசாரிச்சனான், பொய் சொல்றார் எண்டுதான் வச்சிருக்கிறாங்கள். நான் சொல்லமாட்டன். அவர் ஓமெண்டு சொன்னதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். நீங்கள் சொல்லலாம்."

"அக்கா, அவர்தான் செய்தவர்" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. அவளுடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப யார் என்பதுதான். அந்தக் கேள்விக்கு என் வீட்டுக்குள் ஒரு பதில்தான் இருந்தது.

அவள் கையில் இருந்த ஒட்டுத் துண்டைத் திரும்பவும் குவியலில் வைத்தாள். பிறகு, "சரி. அப்ப அதை எழுதித் தாருங்கோ. கூலிக்கு வந்து பூசிக் குடுத்தவர், வேற ஒண்டும் இல்லை எண்டு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். இவருடைய பேனாவால், நல்ல கையெழுத்தில், கீழே ஒப்பமும் வைத்தேன். அவள் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மேசனார் திரும்பி வரவில்லை. அந்த முகாமில் இல்லை என்றார்கள். வேறு முகாம் என்றார்கள். பிறகு அப்படி ஒரு ஆளைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். மூதூர்ச் சம்பந்தம் லோஞ்சு ஓடாததால் தள்ளிப்போய், பிறகு இல்லாமலே போனது. நாங்கள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். இவர் அதற்குப் பிறகு இருபது வருடம் உயிரோடு இருந்தார். அந்த நாளைப் பற்றி இவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, இருபது வருடம்.

இவர் செத்து இரண்டாம் வருடம் நான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தேன். சண்டை முடிந்திருந்தது. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிப்பதற்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றும், நகரத்தில் ஒரு மண்டபத்தில் சனம் போய்ச் சொல்கிறது என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போனேன். மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

அக்கா பாதியாக மெலிந்திருந்தாள். உள்ளே வரும்போதே என்னைக் கண்டுவிட்டாள். தலையை மெல்ல ஆட்டினாள். அவளுடைய முறை வந்ததும் போய் மேசைக்கு முன்னால் இருந்தாள்.

"உங்கட கணவர் என்ன தொழில்?" என்று கேட்டார், எழுதிக்கொண்டிருந்தவர்.

"தரை போடுறவர்."

"ஏன் பிடிச்சவை?"

"ஒரு வீட்டில ஒட்டுப் போட்டவர். அதைப் பிழையாப் போட்டிட்டார்."

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "பிழையாப் பூசினதுக்கோ பிடிச்சவை?"

"ஓம். அப்பிடித்தான் அவர் சொன்னவர்."

அவர் எழுதினார். பிறகு அவர் கேட்டார், "அவரைப் பிடிக்கேக்க கண்ட ஆக்கள் ஆரும் இப்ப இருக்கினமோ?"

அவள் திரும்பவில்லை. என் பக்கம் ஒரு விரல்கூட அசையவில்லை. "ஒருத்தரும் இல்லை" என்றாள்.

நான் எழுந்தேன். என் மனுசனுக்கு இனி ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு எழுபது வயது. எனக்கும் என்ன செய்யப்போகிறார்கள்? பக்கத்தில் இருந்த பெண் வழி விடுவதற்காகக் காலை மடக்கினாள். மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்தார். "ஓம் அம்மா, என்ன?" என்று கேட்டார்.

நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்ப இருந்துவிட்டேன்.